அறிவியல் ஆசிரியருக்குக் கதை எதற்கு?

பள்ளிக்கூடங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கதை சொல்வது மொழியாசிரியரின் பணி. உண்மை சொல்வது அறிவியல் ஆசிரியரின் பணி என்பதே அச்சட்டம். சிறுகதைப் போட்டி என்றால் சுற்றறிக்கை தமிழாசிரியரின் மேசைக்குப் போகும்; அறிவியல் விழா என்றால் அறிவியல் ஆசிரியரின் மேசைக்குப் போகும். ஒருவர் மேசைக்கு வந்த தாள் மற்றவர் மேசைக்கு நகர்வதில்லை. அறிவியல் ஆசிரியர் ஒருவர் சிறுவர்க்குக் கதை எழுதினார் என்று கேள்விப்பட்டால், "பாடத்தை முடிக்க நேரமில்லை என்கிறாரே, கதை எழுத மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் குரல் ஆசிரியர் அறையிலேயே எழும்.

இச்சட்டத்தை இயற்றியவர் எவரும் இலர்; ஆயினும் மீறத் துணிபவர் மிகச் சிலரே. தமிழ்ப்பள்ளிகளில் ஓர் ஆசிரியரே காலையில் தமிழும் நண்பகலில் அறிவியலும் கற்பிக்கும் நிலை உண்டு. தமிழ் வேளையில் நரியும் காகமும் பேசுவதைச் சுவையோடு சொன்ன அதே ஆசிரியர், அறிவியல் வேளை தொடங்கியதும் குரலை மாற்றிக்கொண்டு, பறவையின் பண்புகளை எண்ணிட்டு எழுதிப்போடுகிறார். காகத்துக்கு அலகு ஏன் அப்படி அமைந்தது என்ற வினா இரண்டு வேளைகளுக்கும் இடையே விழுந்து, எவர் கைக்கும் அகப்படாமல் போய்விடுகிறது. சுவர் இரண்டு ஆசிரியர்களுக்கு இடையில் மட்டும் இல்லை. ஓர் ஆசிரியரின் நெஞ்சுக்குள்ளேயே எழுந்து நிற்கிறது.

இச்சுவர் இயற்கையானதன்று. குழந்தையின் அறிவுக்கும் கேடு, மொழிக்கும் கேடு. இதனை மெய்ப்பிக்க ஒருவரின் வாழ்வையும் எழுத்தையும் எடுத்துக்காட்டினாலே போதும். அவர் தமிழரல்லர், ஜப்பானியர். உழவர் பிள்ளைகளுக்கு மண்ணையும் உரத்தையும் வானிலையையும் பற்றிப் பாடம் நடத்தியவர். இன்று ஜப்பானியக் குழந்தைகள் வாய்மொழியாகவே அறிந்திருக்கும் கதைகளின் ஆசிரியர். அவர் பெயர் மியாசாவா கென்ஜி.

கிழக்கே நோக்கியும் காணாத ஒருவர்

1982ஆம் ஆண்டில் மலேசியா 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை அறிவித்தது. ஜப்பானியரின் உழைப்பும் ஒழுங்கும் தொழில்நுட்பமும் இந்நாட்டாருக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டன. மாணவர் பலர் அங்கே சென்று பயின்று திரும்பினர். தொழிற்சாலைகள் வந்தன, கார்கள் வந்தன, வானொலிப் பெட்டிகள் வந்தன. ஆனால், அந்தத் தொழிற்சாலைகளைக் கட்டிய தலைமுறை சிறுவயதில் எதைப் படித்து வளர்ந்தது என்று கேட்டவர் குறைவு. ஒரு நாட்டின் அறிவியல் அதன் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறப்பதில்லை. அந்நாட்டுக் குழந்தை தன் தாய்மொழியில் வாசிக்கும் முதற்கதையிலும் அதற்கு வேர் உண்டு.

கென்ஜி 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், ஜப்பானின் வடகிழக்கில் இவாத்தே மாநிலத்தைச் சேர்ந்த ஹனமாகி என்னும் ஊரில் பிறந்தார். குளிர் மிகுந்த பகுதி அது. கோடையிலும் வெயில் ஏறாத ஆண்டுகளில் நெல் கதிர் விடாமல் பஞ்சம் தலைவிரித்தாடும். தந்தையாரின் தொழில் அடகுக் கடையும் பழைய துணி விற்பனையும். பஞ்ச காலத்தில் உழவர்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டுவந்து அடகு வைப்பதைச் சிறுவயதிலேயே கண்டு மனம் நொந்தவர் கென்ஜி. குடும்பத் தொழிலை அவர் விரும்பாமைக்கு இதுவே காரணம். சிறுவனாக இருந்தபோது மலையெல்லாம் சுற்றிக் கற்களைச் சேர்ப்பது அவருக்கு வழக்கம். 'கல் கென்ஜி' என்றே வீட்டார் அழைத்தனர். பின்னர் மொரியோக்கா நகரின் வேளாண்மை, காட்டியல் உயர்கல்லூரியில் மண்ணியல் பயின்றார்.

1921ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டைவிட்டுத் தோக்கியோ சென்று, சில மாதங்கள் இடைவிடாமல் சிறுவர் கதைகள் எழுதினார். தங்கையின் நோய் அவரை ஊருக்குத் திரும்ப அழைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஊரிலிருந்த வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். 1926ஆம் ஆண்டு மார்ச்சு வரை நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலம் அங்குப் பணியாற்றினார். அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்கள் இரண்டே. ஒன்று கவிதைத் தொகுதி, மற்றொன்று சிறுவர் கதைத் தொகுதி. இரண்டும் அவர் ஆசிரியராக இருந்த 1924ஆம் ஆண்டிலேயே அச்சேறின என்பது நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி. ஆசிரியப் பணி அவருடைய எழுத்தைத் தின்றுவிடவில்லை. அதற்கு ஊற்றாகவே இருந்தது.

ஆற்றங்கரை கதையான விதம்

"பாட நேரத்தைத் திருடித்தான் கதை எழுத முடியும்" என்பது முதற் குற்றச்சாட்டு. கென்ஜியின் வகுப்பை நோக்குமிடத்து இக்குற்றச்சாட்டு தானே கரைந்துவிடும்.

ஹனமாகிக்கு அருகே கிதகாமி ஆறு ஓடுகிறது. கோடையில் நீர் வற்றும்போது வெளிறிய களிமண் பாறை கரையோரம் வெளிப்படும். இங்கிலாந்தின் வெண்ணிறக் கடற்கரைபோல் தோன்றியதால் அவ்விடத்துக்கு 'இங்கிலாந்துக் கடற்கரை' என்று கென்ஜி பெயரிட்டார். மாணவர்களை நீந்துவதற்கு அங்கே அழைத்துச் சென்றார். நீந்தப் போன பிள்ளைகள் அங்கே கண்டெடுத்தவை கல்லாகிப்போன வால்நட் கொட்டைகள். பாறையில் பதிந்திருந்த பழங்கால விலங்குகளின் குளம்புத் தடங்கள். ஆசிரியர் அவற்றைப் பார்த்து வியந்து நிற்கவில்லை. மாணவர்களோடு சேர்ந்து அளந்தார், தோண்டினார், எடுத்து வைத்தார். பின்னர்ப் பல்கலைக்கழக நிலவியல் அறிஞர் ஒருவரே அப்புதைபடிவங்களை ஆராய வந்தார்.

அந்த ஆற்றங்கரை அவர் கதைக்குள் அப்படியே நுழைந்தது. 'பால்வீதி இரயில்' எனத் தமிழில் சொல்லத்தக்க அவருடைய நெடுங்கதையில், இரண்டு சிறுவர்கள் விண்மீன்களுக்கிடையே இரயிலில் பயணம் செய்கின்றனர். வழியில் ஒரு நிலையத்தில் இறங்கி, ஒளிரும் ஆற்றின் கரையில் நடக்கின்றனர். அங்கே மூக்குக்கண்ணாடி அணிந்த அறிஞர் ஒருவர் பழங்கால விலங்கின் எலும்பைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். சிறுவர்கள் கண்டெடுத்த வால்நட் கொட்டை பன்னிரண்டு இலட்சம் ஆண்டுப் பழமையுடையது என்கிறார். காட்சிக்கு வைப்பதற்காகவா தோண்டுகிறீர்கள் என்று கேட்டால், அன்று, மெய்ப்பிப்பதற்காக என்று விடையிறுக்கிறார்.

இந்தச் சிறு உரையாடலில் அறிவியலின் அடிப்படை அறமே அடங்கிவிடுகிறது. அறிவியல் என்பது அழகிய பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைப்பதன்று. சொன்னதற்குச் சான்று தேடுவது. இதனைப் பாடநூலின் முதற்பக்கத்தில் வரையறையாக எழுதினால் மாணவன் மனனம் செய்வான்; தேர்வு முடிந்ததும் மறப்பான். விண்மீன் ஆற்றங்கரையில் மண்வெட்டியோடு நிற்கும் அறிஞரிடமிருந்து கேட்டால் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டான். பாட நேரத்தைக் கதை திருடவில்லை; பாட நேரம் முடிந்த பின்னும் பாடத்தைக் கதை சுமந்து சென்றது.

கென்ஜி மாணவர்களுக்காக நாடகங்களும் எழுதி, அவர்களையே நடிக்க வைத்து, 1924ஆம் ஆண்டுக் கோடையில் ஊரார் முன் அரங்கேற்றினார். பயிருக்கு மருத்துவம் பார்ப்பதாகச் சொல்லி உழவரிடம் திறமையற்ற அறிவுரை விற்கும் ஒருவனை நகையாடும் நாடகமும் அவற்றுள் ஒன்று. உழவர் பிள்ளைகள், உழவர் முன்னிலையில், போலி அறிவியலை எள்ளி நகைத்தனர். இதைவிடச் சிறந்த அறிவியல் விழா எது? அந்த ஆண்டிலேயே ஜப்பானியக் கல்வி அமைச்சு பள்ளி நாடகங்களுக்கு எதிராகக் கருத்து அறிவித்தது. ஒழுங்கைக் காப்பதாகச் சொல்லிக் கற்பனைக்குத் தாழிடும் வழக்கம் ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரியதன்று போலும்.

தெரிந்தும் பேசாத பிள்ளை

"அறிவியலில் உண்மை போதும், கதை என்னும் சருக்கரைப் பூச்சு எதற்கு?" என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. கதையைச் சருக்கரைப் பூச்சாகக் கருதுவதிலேயே பிழை தொடங்குகிறது. கசப்பு மருந்துக்கு அன்றோ பூச்சு வேண்டும்? அறிவியல் கசப்பு என்று முன்னதாகவே முடிவு செய்தவர்தாம் இப்படிக் கேட்பர்.

'பால்வீதி இரயில்' ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. ஆசிரியர் வானப்படத்தைக் காட்டி, மங்கலாய் வெளுத்துத் தோன்றும் இந்தப் பட்டை எதனால் ஆனது என்று வினவுகிறார். ஜோவன்னி என்னும் சிறுவனுக்கு விடை தெரியும். அது விண்மீன்களின் கூட்டம் என்று முன்பே ஓர் இதழில் பார்த்திருக்கிறான். ஆயினும் எழுந்து நின்றவன் வாய் திறக்க இயலாமல் நிற்கிறான். காலையிலும் மாலையிலும் உழைப்பவன் அவன், பள்ளி விட்டதும் அச்சகத்தில் எழுத்துப் பொறுக்கும் வேலை, வீட்டில் நோயுற்ற தாய், தொலைவில் தந்தை. உறக்கமின்மையால் வகுப்பில் எல்லாம் மங்கித் தெரிகின்றது. உடன் பயிலும் ஒருவன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அடுத்து எழுப்பப்பட்ட நண்பன் கம்பனெல்லாவுக்கும் விடை நன்கு தெரியும். நண்பனை நினைத்து அவனும் பேசாமல் நிற்கிறான்.

இக்காட்சியை எழுத ஓர் ஆசிரியரால்தான் முடியும். விடை தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கும், தெரிந்தும் சொல்ல இயலாமல் நிற்கும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பெண் ஏடு காட்டாது. தோட்டப் பள்ளிகள் செழித்திருந்த காலத்தில், விடியற்காலையில் பெற்றோருக்குத் துணையாகப் பால்மரக் காட்டில் மங்கு துடைத்துவிட்டு வந்து, முதல் வேளையிலேயே கண் சொக்கிப்போன பிள்ளைகளை இந்நாட்டு ஆசிரியர்கள் கண்டிருக்கின்றனர். அப்பிள்ளைகளுள் எத்தனை ஜோவன்னிகள் இருந்தனர் என்பதை யார் கணக்கெடுத்தார்? அவர்களைப் பற்றிச் சிறுகதை எழுதிய தமிழாசிரியர்கள் உண்டு. அவர்கள் பெரியோர் வாசிக்க எழுதினர். அப்பிள்ளையே வாசிக்கும்படி, அவன் அறிந்த விடையையும் உள்ளே வைத்து, எவர் எழுதினார்?

அக்கதையில் ஆசிரியர் இரண்டு சிறுவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஒளிரும் மணற்பரல்கள் நிறைந்த குவிவில்லை ஒன்றைக் காட்டி, அப்பரல்கள் ஒவ்வொன்றும் ஞாயிறுபோல் தானே ஒளிரும் விண்மீன் என்றும், வில்லையின் நடுவே நின்று மெல்லிய பக்கமாகப் பார்த்தால் சில பரல்களே தெரியும், தடித்த பக்கமாகப் பார்த்தால் பரல்கள் குவிந்து வெண்மையாகத் தோன்றும் என்றும் விளக்குகிறார். பால்வீதி ஏன் பட்டையாகத் தெரிகிறது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தொடக்கப்பள்ளி மாணவனுக்குத் தர இயலுமா? கதைக்குள் இருக்கும் இவ்விளக்கம் பூச்சன்று, பழத்தின் சதை. உண்மையும் உணர்வும் அதில் பிரிக்க முடியாதபடி ஒன்றிக் கிடக்கின்றன.

கதை தவறு செய்தால்?

மூன்றாவது குற்றச்சாட்டு வலுவுடையது. "கற்பனை கலந்தால் அறிவியல் பிழைபடும், பிழையான அறிவைக் குழந்தைக்குத் தருவது தீமை" என்பர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கென்ஜியின் கதையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது.

1932ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'குஸ்கோ புதோரியின் வாழ்க்கை வரலாறு' என்னும் கதை, குளிர்ப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறுவனைப் பற்றியது. புதோரி உழைத்துப் படித்து எரிமலைகளைக் கண்காணிக்கும் நிலையத்தில் பணியில் சேர்கிறான். வானிலிருந்து மழையோடு தழைச்சத்து உரத்தைப் பொழிவிக்கும் திட்டத்தில் பங்கு கொள்கிறான். அவனுக்கு இருபத்தேழு வயதாகும்போது மீண்டும் குளிர்க் கோடை நெருங்குகிறது. காற்றில் கரிவளி மிகுந்தால் நிலவுலகம் வெப்பமடையும் என்பதை அறிந்த அவன், தீவு ஒன்றில் உள்ள எரிமலையை வெடிக்கச் செய்து கரிவளியைப் பரப்பத் துணிகிறான். இறுதிவரை அங்கே நிற்க வேண்டிய ஒருவர் தப்ப இயலாது. அந்த ஒருவராகப் புதோரி நிற்கிறான். நாடு வெப்பமடைகிறது, அவ்வாண்டு விளைச்சல் பொய்க்கவில்லை, அவனைப் போன்ற பல பிள்ளைகள் பெற்றோரோடு குளிர்காலத்தை உண்டு உறைந்து கழிக்கின்றனர்.

கரிவளி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு கணக்கிட்டு வெளியிட்ட ஆண்டு 1896. கென்ஜி பிறந்ததும் அதே ஆண்டில். இன்று உலக நாடுகள் கூடிக் கவலையோடு பேசும் ஒரு செய்தியை, அன்றே உழவர் பிள்ளைகளுக்கான கதையில் வைத்தார் ஓர் ஆசிரியர் என்பது வியப்புக்குரியது. ஆயினும் எரிமலை பற்றிய பகுதி இன்றைய அறிவோடு பொருந்தாது. பெரும் எரிமலை வெடிப்பு, கந்தக வளியை வானில் உயரத் தள்ளி, ஞாயிற்றின் ஒளியை மறைத்து, உலகைக் குளிரவே செய்கிறது. 1815இல் சும்பாவா தீவின் தம்போரா வெடித்தபின், 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கோடையில்லா ஆண்டாயிற்று. 1991இல் பிலிப்பீன்சின் பினாத்துபோ வெடித்தபோது உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை தாழ்ந்தது. புதோரி வெடிக்கச் செய்த எரிமலை, அவன் காக்க விரும்பிய நெற்பயிரைக் கொன்றிருக்கவும் கூடும்.

இதனால் கதை பயனற்றதாயிற்றா? நல்லாசிரியர் கையில் இப்பிழையே இரண்டாவது பாடமாகும். கதையை வகுப்பில் வாசித்து, புதோரியின் கணக்குச் சரியா என்று கேட்டுப் பாருங்கள். தம்போராவும் பினாத்துபோவும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அண்டை அயல் எரிமலைகள். அவர்களே தேடுவர், வாதிடுவர், ஆசிரியரையும் மடக்குவர். பாடநூலின் வாக்கியத்தை ஐயுற மாணவன் அஞ்சுவான்; கதையை ஐயுற அவனுக்கு அச்சமில்லை. ஐயுறும் பழக்கமோ அறிவியலின் முதற்படி. மேலும், பாடநூல்கள் மட்டும் பிழையே செய்ததில்லையா? ஒன்பது கோள்கள் என்று தலைமுறை தலைமுறையாக மனனம் செய்வித்தபின், 2006இல் புளூட்டோவை வானியலார் பட்டியலினின்று நீக்கவில்லையா? அறிந்தது மாறும் என்பதை மறைத்துக் கற்பிப்பதே பெரும்பிழை.

நீதி சொல்லாத கதைகள்

குற்றச்சாட்டு அறிவியல் பக்கத்திலிருந்து மட்டும் எழுவதில்லை. மொழியாசிரியர் பக்கத்திலிருந்தும் ஒன்று எழுகிறது: "சிறுவர் இலக்கியம் நல்லொழுக்கம் புகட்டவே உளது, நண்டும் மீனும் பற்றிய செய்தியில் நீதி எங்கே?"

தமிழில் சிறுவர்க்கென எழுதப்படும் கதைகளுள் மிகப்பல, முடிவைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டு எழுதப்படுகின்றன. பொய் சொன்னவன் கெடுவான், சோம்பியவன் தோற்பான், பெரியோர் சொல் கேளாதவன் குழியில் விழுவான். அறம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே கதவில் போய் முட்டினால், குழந்தை கதவைப் பார்த்ததும் திரும்பி நடக்கக் கற்றுக்கொள்கிறது.

கென்ஜி 1923இல் நாளிதழ் ஒன்றில் வெளியிட்ட 'யமனாஷி' என்னும் சிறு கதையில், ஓடையின் அடியில் இரண்டு நண்டுக் குஞ்சுகள் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குமிழிகள் மேலேறுகின்றன, ஒளி வலைபோல அசைகிறது. ஒரு மீன் போகிறது, வருகிறது. திடீரென மேலிருந்து ஏதோ பாய்கிறது. மீன் காணாமற் போகிறது. அது மீன்கொத்தி என்று தந்தை நண்டு சொல்லித் தேற்றுகிறது. பின்னொரு நாள் மேலிருந்து மீண்டும் ஏதோ விழுகிறது. அஞ்சி ஒடுங்கிய குஞ்சுகளுக்கு அது மணம் கமழும் காட்டுப் பேரிக்காய் என்று தெரிகிறது. அவ்வளவே கதை. நீதி ஒன்றும் இல்லை. ஆனால் நீருக்கு அடியிலிருந்து பார்த்தால் உலகம் எப்படித் தோன்றும் என்று குழந்தை தன் வாழ்வில் முதன்முறையாக எண்ணிப் பார்க்கிறது. மற்றோர் உயிரின் கண்வழியே உலகைக் காண்பதினும் பெரிய அறம் எது? இக்கதை ஜப்பானியத் தொடக்கப்பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றுத் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. கவனித்துப் பார்க்கும் பழக்கம் உடைய அறிவியல் ஆசிரியர் எழுதியதாலேயே அதில் ஓடை ஓடையாக இருக்கிறது; உபதேச மேடையாக மாறவில்லை.

துறவியாக்கித் தப்பித்தல்

"அவர் பிறவி மேதை, பொறுமைக்கடல், துறவி போன்றவர். எளிய ஆசிரியர்க்கு அது கைகூடுமோ?" என்போர் இறுதியாக வருவர். பெருமைப்படுத்துவதுபோல் தள்ளிவைக்கும் உத்தி இது. ஜப்பானிலும் அவரைப் புனிதராக்கியோர் உண்டு. ஒருவரைச் சுவரில் மாட்டி மாலையிட்டு விட்டால் அவரைப் பின்பற்ற வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது.

உண்மை வேறு. கென்ஜி குறைகளற்றவர் அல்லர். தேசியவாதச் சாயல் கொண்ட பௌத்த இயக்கம் ஒன்றில் 1920இல் சேர்ந்தவர். புதோரியின் உயிர்த்தியாகத்தைப் புகழும் மனப்பாங்கு குழந்தைகளுக்கு நல்லதா என்று வினவுவோர் கூற்றிலும் நியாயம் உண்டு. அவர் நூல்கள் வெற்றி பெறவும் இல்லை. ஒவ்வொன்றும் ஆயிரம் படிகள் அச்சிடப்பட்டுப் பெரும்பகுதி விற்காமற் கிடந்தது. வாழ்நாளில் எழுத்துக்காக அவர் பெற்ற ஊதியம் ஒரு சிறுவர் கதைக்குக் கிடைத்த ஐந்து யென் மட்டுமே என்பர். பணியைத் துறந்தபின் உழவர்களுக்கு இலவசமாக உரத்திட்டங்கள் வகுத்துக் கொடுத்தார், 1928இல் நோய்வாய்ப்பட்டார், 1931இல் மண்ணைத் திருத்தும் சுண்ணாம்புக்கல் தூளை விற்கும் நிறுவனத்தில் சேர்ந்து ஊரூராக அலைந்தார், 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். 'பால்வீதி இரயில்' கைப்படியாகவே எஞ்சி, மறு ஆண்டில்தான் அச்சேறியது.

எனவே, "யார் வெளியிடுவார், யார் வாங்குவார்?" என்று கேட்டுக் கைகட்டி இருப்போர்க்கும் விடை இங்கேயே உண்டு. கென்ஜிக்கு முதல் வாசகர் அவருடைய மாணவர்கள். தம் கதைகளை வகுப்பில் வாசித்துக் காட்டினார், அவர்கள் கேட்டனர். ஒவ்வோர் ஆசிரியருக்கும் அந்த வாசகர் கூட்டம் நாள்தோறும் முன்னே அமர்ந்திருக்கிறது. எந்தப் பெரும் எழுத்தாளருக்கும் கிட்டாத பேறு அது.

மொழி திரும்பியது, கதை திரும்பியதா?

2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல் வேளை ஆங்கில வேளையாயிற்று. தமிழ் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2009இல் அத்திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட அரசு முடிவு செய்தது. பின்னர் 2016இல் வந்த இருமொழித் திட்டம் அவ்வழக்கை மீண்டும் கிளப்பியது. உரிமைக்காகப் பேசியது தக்கதே. ஆனால் பெற்ற உரிமையை எதைக் கொண்டு நிரப்பினர்? தமிழில் அறிவியல் வேண்டும் என்று மேடையில் முழங்கியோர், தமிழில் ஓர் எறும்பின் கதையை, ஒரு மழைத்துளியின் கதையை, ஒரு பால்மரத்தின் கதையைக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்தனரா? மொழி திரும்பியது; கதை திரும்பவில்லை. பாடநூலில் மட்டும் வாழும் அறிவியல் தமிழ், தேர்வு முடிந்த மாலையே இறந்துபடும்.

கலைச்சொல் கடினம் என்பது சாக்கு. கரிவளி, உயிர்வளி, ஒளிச்சேர்க்கை என்னும் சொற்கள் தமிழ்ப்பள்ளிச் சிறுவனுக்குப் பழகியவை. அவை அவன் உள்ளத்தில் உயிர் பெறாமைக்குக் காரணம், அச்சொற்கள் நடமாடும் கதை அவன் காதில் விழாமையே. கென்ஜி தம் கதைகளில் பாறைகளின் பெயர்களையும் வேதிப்பொருள்களின் பெயர்களையும் அஞ்சாமல் கையாண்டார், குழந்தைகள் மருளவில்லை. அசுரர் பெயர்களை அடிபிறழாமல் சொல்லும் குழந்தைக்கு விண்மீன் பெயர் கடினமாகுமோ?

சிங்கப்பூரின் நிலையோ இன்னும் கூர்மையானது. அங்கே அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. தமிழ் வேளைக்கு வெளியே தமிழ் நுழைய இடமில்லை. அப்படியாயின் தமிழ்க் குழந்தை தன் மொழியில் வானத்தையும் கடலையும் பற்றி எண்ணிப் பார்க்க எஞ்சியுள்ள வாயில் கதை ஒன்றே. அவ்வாயிலையும் நீதிக்கதைகளால் அடைத்துவிட்டு, பிள்ளைகள் தமிழை வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டுமே உரிய மொழியாகக் கருதுகின்றனர் என்று வருந்துவதில் பொருளில்லை.

தமிழால் இயலாது என்று சொல்லவும் இடமில்லை. ஆசிரியராகப் பணி தொடங்கிய பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வெளிக்கொணர்ந்தார். கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய 'ஆயிஷா' நடராசன் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' நூலுக்காக 2014இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கியப் பரிசைப் பெற்றார். விதை இருக்கிறது, இந்த மண்ணில் ஊன்றும் கைகள்தாம் வேண்டும்.

செய்ய வேண்டுவன பெரியனவல்ல. அறிவியல் ஆசிரியர் திங்களுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். தமிழாசிரியர் அதன் நடையைச் செப்பம் செய்யட்டும். மாணவர் கேட்டுக் குறை சொல்லட்டும். எழுத்தாளர் அமைப்புகள் சிறுகதைப் போட்டி நடத்துமிடத்தில் அறிவியல் ஆசிரியர்க்கும் அழைப்பு அனுப்பட்டும். பயிற்சி ஆசிரியர்கள் கற்பிக்கும் திட்டம் எழுதப் பழகுவதுபோல் கதை எழுதவும் பழகட்டும். தமிழாசிரியர் ஆற்றங்கரைக்குப் போகட்டும்; அறிவியல் ஆசிரியர் நூலகத்துக்குப் போகட்டும். இவற்றுள் ஒன்றுக்கும் அமைச்சின் ஒப்புதல் தேவையில்லை.

இன்றும் ஏதோ ஒரு வகுப்பறையில், விடை தெரிந்தும் வாய் திறக்காமல் ஒரு பிள்ளை எழுந்து நிற்கிறது. அப்பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை எழுப்பும் ஆசிரியர் பாடத்தை முடித்துவிடுவார். அப்பிள்ளை ஏன் பேசவில்லை என்று வீடு திரும்பியும் எண்ணுகின்ற ஆசிரியர், அன்றிரவு கதையின் முதல் வரியை எழுதுவார். அறிவியல் ஆசிரியருக்குக் கதை எதற்கு என்று கேட்போர்க்கு அந்தப் பிள்ளையே விடை.